ரெண்டு சீட்டு வண்டி

"இன்னைக்கு என்னா இப்பிடி மூட்டம் எறங்கிக் கெடக்கு" என்றார் வீரய்யா, காரின் என்ஜினுக்குள் குனிந்தபடியே.

அவர் மனைவி பூரணி நிமிர்ந்து கொட்டகைக்கு வெளியே பார்த்தாள். மாசி மாதத்து வெயில் எதிர்மலையில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களின் தலைத்துணி நிறம்கூட இங்கிருந்து தெரிந்தது. மடியில் கிடந்த சீட்டுத் துணியில் ஊசியைக் குத்தினாள். ஊசி விரலில் ஏறியது.

வீரய்யா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெக்டரி லாரி டிரைவர். தேயிலைப் பெட்டிகளைத் தலவாக்கலை ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் இறக்குவது வேலை. டிரைவர் என்பதால் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவுக்குப் பதில் தனி வீடு, பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் கார் நின்றது.

தோட்டத்துக்கு உதவி மேனேஜராக இருந்த வெள்ளைக்காரச் சின்னத்தொரையின் கார் அது. தகரக் கூரை கிடையாது, ரெண்டு பேர்தான் உட்காரலாம். நீண்ட மூக்கும் கம்பிச் சக்கரமுமாகப் பந்தயத்துக்கென்றே செய்த பழைய எம்.ஜி. ஒரு அடைமழை நாளில் வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. தொரை கை முறிந்து பிழைத்தார். சீமைக்குத் திரும்பிப் போகும்போது, "வேணும்னா நீயே எடுத்துக்க வீரய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெக்டரி ஆட்களைக் கூட்டிக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்றைக்கு வீரய்யா சாப்பிடக்கூட இல்லை, அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் எல்லாருக்கும் கார் வேலைதான். தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் உளுத்துப் போயிருந்தது. பூரணியின் அண்ணன் சோலைமலை பெக்டரித் தச்சர். பலா மரத்தில் சட்டங்களை இழைத்துப் பொருத்தினார். அடிப்பலகைக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையையே வெட்டிப் போட்டார். லாரியில் அப்பாவோடு கிளீனராகப் போகும் மகன் அழகுமுத்து என்ஜினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினான். பூரணி பழைய லாரித் தார்ப்பாயில் மடக்குக் கூரை தைத்தாள். அதை முடித்துவிட்டு இப்போது சீட்டு. அவளுக்கும் அதில் சந்தோஷம்தான். வேலை வேலை என்று கிடந்த மனுசன் விசிலடித்துக்கொண்டு திரிவதைப் பார்க்க நன்றாக இருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் பட்டது. கீழே விழுந்த நட்டை அவர் பார்த்து எடுப்பதில்லை, தரையைத் தடவி எடுத்தார். கதவுக்குப் பூசிய பச்சை ஒரு மாதிரி, மூக்குக்குப் பூசிய பச்சை வேறு மாதிரி. ரெண்டும் ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார். சோலைமலை வாயைத் திறக்கப் போனபோது பூரணி கண்ணைக் காட்டி அடக்கிவிட்டாள்.

வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். சொல்லாமல் இருந்தாலோ, அந்த லாரியும் அந்த வளைவுகளும் நாள் முழுக்க அவள் நெஞ்சுக்குள் ஓடின. சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்கும்வரை அடுப்படியில் எதைச் செய்தாலும் மனசு ஒட்டவில்லை. பழகின ரோடுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கார் அப்படியில்லை. அது லாரி மாதிரி ஊர்ந்து போகிற வண்டி இல்லை. அதனால் தைப்பதை மெதுவாக்கினாள். முடிந்த ஒரு பக்கத்தை நூல் சரியில்லை என்று சொல்லிப் பிரித்தும் போட்டாள்.

அப்படியும் எத்தனை நாள் இழுக்க முடியும்? சீட்டும் ஏறிவிட்டது. "சித்திரையில நுவரெலியாவுல கார் பந்தயம் வருது. அதுக்கு முந்தி நம்ம வண்டி அந்த ரோட்டுல ஏறி எறங்கிரணும். நாளைக்கே போறோம் பூரணி, நீயும் நானும்" என்றார் வீரய்யா ஒரு சனிக்கிழமை.

அன்று சாயங்காலம் ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவளின் பின்னாலேயே அழகுமுத்து வந்தான்.

"அம்மா, நாளைக்கு அப்பாகூட நான் போறேன். நீங்க வேணாம்."

"ஏன்டா? என்னையத்தானே கூப்புட்டாரு?"

"ரெண்டு சீட்டுத்தானே இருக்கு. நீங்க ஏறிட்டா யாரும்மா பாத்துச் சொல்றது?"

"என்னத்தப் பாத்துச் சொல்றது?"

அவன் குடத்தைப் பீலிக்குக் கீழே நகர்த்தி வைத்தான். "தீவாளிக்கு முந்தி இருந்தே லாரியில நான்தான் சொல்லிக்கிட்டு வாறேன். வளைவு வருது, எதுத்தாப்ல பஸ் வருது, ஓரத்துல ஆளு நிக்கிதுன்னு. அப்பா ஏன்டா சொல்றேன்னும் கேக்கல, சொல்லாதடான்னும் சொல்லல."

குடம் நிரம்பி வழிந்தது. பூரணி அதை எடுக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேரும் ஒன்றையே மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

காலையில் எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்தாள். வீரய்யா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"என்னாங்க, இன்னொரு நாள் போவமே. மூட்டமா இருக்கு."

அவர் சட்டென்று திரும்பினார். "உனக்கும் தெரியுதா?"

"ம்... ஆமா."

"அப்ப மூட்டந்தான்!" அவர் சிரித்துவிட்டார். எத்தனையோ மாதமாகத் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. "நான் என்னென்னமோ நெனச்சிக்கிட்டு... மூட்டம் என்னா செய்யும், நான் ஓட்டாத மூட்டமா? ஏறு."

தான் செய்த காரியம் பூரணிக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தச் சொன்ன பொய் அவருக்குத் துணிச்சலைக் கொடுத்துவிட்டது. அழகுமுத்து ஓடி வருவதற்குள் அவள் ஏறி உட்கார்ந்தாள். தனியாக மட்டும் அவரை விடக்கூடாது, மகனையும் அதில் ஏற்றக்கூடாது.

என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. வாசலில் நின்ற சோலைமலை கைதட்டினார். வண்டி பெக்டரியைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியது. "இடது பக்கம் கல்லு... வளைவு வருதுங்க... மெதுவா" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "ரோடு எனக்குத் தெரியும் புள்ள" என்று அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். காற்றில் அவள் குரல் பின்னால் பறந்தது.

மூன்றாவது வளைவைத் திரும்பியதும் ரோட்டுக்கு நடுவே விறகுக்கட்டோடு பக்கத்து லயத்து வேலாயி.

"ஆளு! ஆளுங்க!"

வீரய்யாவின் கால் அசையவே இல்லை. அவர் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை. பூரணி ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கார் சறுக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி, தேயிலைச் செடிகளில் முட்டி நின்றது. விறகுக்கட்டு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது.

பூரணி இறங்கி ஓடினாள். வேலாயி உட்கார்ந்திருந்தாள், முழங்கை சிராய்த்திருந்தது, அவ்வளவுதான்.

வீரய்யா தடுமாறி வந்தார். "மன்னிச்சிரு தாயி. இந்த மூட்டத்துல தெரியல."

"மூட்டமா?" வேலாயி அண்ணாந்து பார்த்தாள். "வெயிலு மண்டையப் பொளக்குது, எங்கண்ணே மூட்டம்?"

அவர் மெல்லப் பூரணி நின்ற பக்கம் திரும்பினார். அவள் முகம் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"பயலுக்கு?"

"அவனுக்கும்."

அவர் ரோட்டோரக் கல்கட்டின் மேல் உட்கார்ந்தார். சத்தம் கேட்டு அழகுமுத்துவும் சோலைமலையும் ஓடி வந்தபோதும் அப்படியே இருந்தார். கடைசியில், "நாளைக்கு லாரிய எடுக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்குப் போய்ப் பெரிய தொரையிடம் அவரே சொன்னார். பூரணி வேலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். திரும்பி வந்தவர், "வேலைய விட்டு அனுப்பல. என்ஜின் ரூம்ல போடுறாராம். வீட்ட மட்டும் விட்டுறணும், புது டிரைவருக்கு வேணுமாம்" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீடு போவதற்காக அழுகிறாளா, லாரி போன நிம்மதியிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

லயத்துக் காம்பிராவுக்கு மாறினார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் புரை என்று சொல்லிக் கண்ணை அறுத்தார்கள். கட்டுப் பிரிக்கும்வரை பூரணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கண்ணுக்குத் தடித்த கண்ணாடி போட்டால் வேலை செய்யும் அளவுக்குப் பார்வை வந்தது, மற்றது தேறவில்லை. காரை மட்டும் அவர் விடவில்லை, லயத்துக் கோடியில் நிறுத்தினார். வளைந்த முன்சக்கரத்தை நிமிர்த்தும்போது இந்தத் தடவை, "இங்க என்னா தெரியுது, பாத்துச் சொல்லு" என்று மச்சானையும் மகனையும் வெட்கப்படாமல் கேட்டார்.

அழகுமுத்து லைசன்ஸ் எடுத்த பிறகு ஒரு ஞாயிறு அப்பாவும் மகனும் நுவரெலியாவுக்குப் புறப்பட்டார்கள். சாயங்காலம்வரை பூரணி நாலு தடவை ரோட்டுக்குப் போய் வந்தாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. கடைசியில் லயத்துக் கோடியில் சத்தம் கேட்டது. நனைந்துபோய் இறங்கினார் வீரய்யா.

"நானுஓயா ஏத்தத்துல ஒரு தடவகூட நிக்கல புள்ள! அடுத்த ஞாயிறு நீ போ, பய நல்லா ஓட்டுறான்."

"மொதல்ல தலையத் தொடைங்க" என்று துண்டை நீட்டிவிட்டு, பூரணி மகனின் கையையும் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சோறு போட உள்ளே போனாள்.