மூன்று விநாடி முன்னறிவிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு புகாரிலிருந்து கிடைத்தது. “என் தப்பு எதுவுமில்லாமல் செத்துப்போகிறேன், இதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்று முகம் தெரியாத யாரோ எழுதியது. ஃப்ளோரா அதைக் காட்டிச் சிரித்தாள். எனக்கு அப்போதே எழுதக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

2

முதல் முயற்சி: மாரிகுப்பத்தின் மேல் சூரியன் உருகிய தங்கமாக

(வேண்டாம். தங்கவயலைப் பற்றி எழுதுகிற எவனும் முதல் வரியில் தங்கத்தைக் கொட்டாமல் விட்டதில்லை.)

இரண்டாம் முயற்சி: ஃப்ளோரா மாரிகுப்பத்தில், பழைய சுரங்கக் கம்பெனி வீட்டின் முன்னறையிலிருந்து கணினி விளையாட்டுகளை வெளியிடுகிறாள். நிரல் எழுதுகிற மஞ்சுநாத் பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் வருவார். எட்டு வருடத்தில் நான்கு விளையாட்டுகள். நான்கையும் விற்பது இணையத்தில் ஒரே கடை. ஐந்தாவது, ‘கேஜ்’. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டின் பெயர். அந்த விளையாட்டில் சுரங்கப் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும், ஆடுகிறவர் செத்துப்போவார்.

புகார்கள் சேர்ந்ததும் கடையிலிருந்து கடிதம் வந்தது. இது பிழை, ஏழு நாளில் திருத்துங்கள், இல்லையென்றால் மற்ற நான்கையும் சேர்த்து எடுத்துவிடுவோம்.

3

(கட்டுரைத்தனமான குறிப்பு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.) இந்த ஊருக்கு வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனிதான். 2001இல் அது மூடியபோது ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்து வளர்ந்தவள் தன் பிழைப்பு மொத்தத்தையும் ஒரே கடையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். பழக்கம் என்றாள். எனக்குக் கோபமாக வந்தது.

4

கண்கள் குளமாக, ஃப்ளோரா அந்தக் கடிதத்தை

(இந்த வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தது அவளேதான். “இன்னாண்ணா இது? நான் எப்ப அழுதேன்?” கடிதத்தைப் படித்துவிட்டு டீ போட்டாளாம். அழுதது மஞ்சுநாத்.)

ஐந்தாம் நாள் மஞ்சுநாத் ஒரு வழி சொன்னார். பாறை வெடிக்க மூன்று விநாடி முன்னால் ஒரு மணி அடிக்கட்டும், ஓடத் தெரிந்தவன் பிழைக்கட்டும். அரைமணி நேர வேலை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர் பேச்சில் நியாயம் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

ஃப்ளோரா சொன்னாள்: “பாறை வெடிச்ச அன்னிக்கு எங்க சித்தப்பா லாய்ட் ஷிஃப்ட்ல கீழ இருந்தாரு, மஞ்சு. மூணு செகண்ட் முன்னாடி மணி அடிச்சிருந்தா மேல வந்திருப்பாரு. அடிக்கல. இப்ப இன்னா, அவரு சரியா ஆடலன்னு எழுதணுமா?”

மஞ்சுநாத் மணிக்காகத் திறந்து வைத்திருந்த கோப்பை மூடினார். “ஆய்த்து, சரி. நான் அதுல கை வெக்கல,” என்றார்.

5

ஏழாம் நாள் காலை அவள் பதில் அனுப்பினாள். இது பிழையல்ல, எங்கள் ஊரில் இப்படித்தான் செத்தார்கள், மாற்ற மாட்டோம். கையெழுத்து இரண்டு பேருடையது.

6

இங்கே என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கதைகளைப் போடுவதும் ஒரே பத்திரிகைதான். பதினோரு வருடமாக வேறெங்கும் அனுப்பியதில்லை. இவன்தான் மூன்றாம் பகுதியில் கோபப்பட்டவன்.

பத்திரிகை ஆசிரியர் இதுவரை படித்துவிட்டு, ஃப்ளோரா ஜெயிப்பதாக ஏழாம் பகுதி ஒன்று வேண்டும் என்றார். இல்லையென்றால் போட முடியாதாம், வாசகர்கள் சோர்ந்துவிடுவார்களாம். ஒரு பாராதான், எழுதிவிடலாமா என்று அவளிடமே கேட்டேன்.

“கடைக்காரன் இன்னும் பதிலே போடல. நான் ஜெயிச்சேன்னு நீங்க எப்படிண்ணா எழுதுவீங்க?”

எழுத மாட்டேன். ஆசிரியருக்கும் அதையே சொல்லிவிட்டேன். இதை நீங்கள் அந்தப் பத்திரிகையில் படிக்கிறீர்கள் என்றால், கீழே ஏழாம் பகுதி இருக்கும். அது நான் எழுதியதல்ல. வேறெங்காவது படிக்கிறீர்கள் என்றால், எனக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஃப்ளோராவுக்கு என்ன ஆனது என்பதை நான் சொல்வதற்கில்லை. அந்தக் கடைக்குள் போய் நீங்களே அவள் பெயரைத் தேடிப் பாருங்கள்.