கடல் தெரியும் அறை

பன்னிரண்டு வருஷமாக லாட்ஜ்காரர் வாய் கூசாமல் சொல்லிவந்த பொய் ஒன்றுதான்: "எல்லா ரூமிலிருந்தும் கடல் தெரியும்." ஜன்னலைத் திறந்தால் தெரிந்ததென்னவோ எதிரே இருந்த ஐஸ் ஃபேக்டரியின் சுவர். போன புயல் அந்த ஃபேக்டரியை வழித்துக்கொண்டு போனதில் அவர் வாக்கு பலித்துவிட்டது. இப்போது கழிப்பறையில் உட்கார்ந்தால்கூடக் கடல் தெரிகிறது. பார்க்கத்தான் நாலு மாசமாக ஆளில்லை. இந்த வாரமும் யாரும் வராவிட்டால், லாட்ஜைப் பூட்டிவிட்டு மச்சான் கடையில் பொட்டலம் கட்டப் போக வேண்டியதுதான்.

அன்று போன் அடித்தது. ஒரு குடும்பம், மூன்று நாள், இரண்டு ரூம்.

"அங்கேருந்து கடல் தெரியுமாங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"தெரியுமாவா? கட்டில்ல படுத்துக்கிட்டே பார்க்கலாம்மா," என்று வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னார்.

"அவ்வளவு பக்கமா? புயல் அடிச்ச ஊரு, பிள்ளைங்க வேற இருக்காங்க. வேணாங்க."

மனைவி போனைப் பிடுங்கினாள். "பழக்கதோஷத்துல பொய் சொல்லிட்டாரு மேடம். நம்ம ரூம்ல சுவரைத் தவிர ஒண்ணும் தெரியாது."

இரண்டு ரூமும் பதிவாயின.

"வந்து ஜன்னலைத் திறந்து பார்த்தா என்னடி பண்றது?" என்றார் அவர்.

"திறக்கிற மாதிரியா ஆணி அடிக்கப்போறீங்க?" என்று சுத்தியலை நீட்டினாள்.