பதினொரு சேவரும் ஒரு சேவைக் கடிதமும்

கலாநிதி குலவீரசிங்கத்தின் விசிற்றிங் கார்ட்டில் ஏழு பட்டங்கள் இருந்தன. அவருடைய கம்பனி பராமரித்த பதினொரு சேவர்களில் ஒன்றுக்குள் நுழையக்கூட அவற்றில் எதுவும் உதவாது. அதற்குத் தர்சினி இருந்தாள்.

ரொறன்ரோ நகைக்கடை, ஒஸ்லோ தமிழ்ப் பாடசாலை, மெல்பேர்ன் கல்யாண மண்டபம் என்று கடல் கடந்தவர்களின் இணையத்தளங்கள் அந்தப் பதினொன்றில் குடியிருந்தன. யாழ்ப்பாண நகரத்து மேல்மாடியொன்றில் இருந்தபடி ஆறு வருடமாக அவற்றைக் கட்டி மேய்த்தவள் அவள். உள்ளே போக எஸ்.எஸ்.எச். திறப்பு என்கிற மின்சாவி வேண்டும். அதன் ஒரு பாதி சேவரில் பதிந்திருக்கும்; மறுபாதி ஆளின் கணினியில் இரகசியமாக இருக்கும். முதலாளிக்கும் ஒன்று செய்துதரவா என்று ஒருமுறை கேட்டாள்.

"டிரைவர் இருக்க நான் ஏன் பிள்ளை ஸ்ரியறிங் பிடிக்கிறது?" என்றார் கலாநிதி.

கொழும்பு வங்கியொன்றில் புதன்கிழமை அவளுக்கு நேர்முகம். அங்கே காட்ட, செய்த வேலையைச் சொல்லும் சேவைக் கடிதத்தைக் கலாநிதியிடம் கேட்டாள். கேட்டது துரோகமாயிற்று. திங்கள் காலை எட்டேகாலுக்கு அவளை வேலையால் நிற்பாட்டினார். ஒன்பது வரை இராகுகாலம். தோஷம் போகிறவளோடு போகட்டும். மருமகன் ஜெயசுதன் ஒன்பது பன்னிரண்டுக்குச் சுபநேரத்தில் பொறுப்பேற்பான்.

கடிதத்தில் 'தட்டச்சு உதவியாளர்' என்றிருந்தது.

"சேர், சேவர் வேலையெல்லாம் நான்தானே பாத்தனான்?"

"என்ரை மேற்பார்வையிலை நடந்தது. நீர் தட்டினனீர். அதுக்குப் பேர் தட்டச்சுதானே?"

தர்சினி கடிதத்தை மடித்தாள். "சரி சேர். ஜெயசுதன்ரை திறப்பைப் பதிஞ்சுவிட்டிட்டுப் போறன். அஞ்சு நிமிச வேலை."

"ஒன்பது பன்னிரண்டுக்கு முதல் அவர் ஒண்டிலும் கைவைக்கக்கூடாது! சாத்திரியார் சொல்லிப்போட்டார்."

"அப்ப என்ரை திறப்பு?"

கலாநிதி சுவரைக் காட்டினார். இணையத்திலிருந்து உருவி எடுத்த பாதுகாப்பு விதிகள் தங்கச் சட்டத்துக்குள் தொங்கின. ஒன்பதாம் விதி: 'விலகுபவரின் திறப்பு, அவர் வாசலைத் தாண்டுமுன் எல்லாச் சேவர்களிலும் அழிக்கப்படும். விதிவிலக்கு இல்லை.' கடைசி இரண்டு சொற்களும் அவருடைய சொந்தப் படைப்பு.

இருக்கிற அந்த ஒரே திறப்பையும் அழித்தால் ஒருத்தரும் உள்ளே போகமுடியாது என்று அவள் விளங்கப்படுத்தியிருக்கலாம். விளங்கப்படுத்துவது நிர்வாகியின் வேலை. அவளோ தட்டச்சு உதவியாளர். பதினொரு சேவரிலும் தன் திறப்பை ஆறுதலாக அழித்தாள். அழித்ததாகப் படிவம் நிரப்பினாள். கலாநிதி வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

ஒன்பது பன்னிரண்டுக்கு விளக்கேற்றி, விசைப்பலகைக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். மெல்பேர்ன் மண்டபக்காரர் வீடியோவில் சாட்சி. ஜெயசுதன் தட்டினான். அனுமதி இல்லை என்றது முதல் சேவர். பதினொன்றும் அதையே சொல்லின.

"மாமா, உதுக்குள்ளை போகேலாது."

"என்ன டொக்டர், உங்கடை வீட்டுக்கே உங்களை விடுகினமில்லையோ?" என்று சிரித்த மெல்பேர்ன்காரர், உடனே சிரிப்பை நிறுத்தினார். "இண்டைக்குள்ளை என்ரை புக்கிங் பக்கத்தைத் திருத்தாட்டி நான் வேறை ஆளைப் பாப்பன்."

மத்தியானம் கலாநிதியின் கார் சண்டிலிப்பாயில், தர்சினி வீட்டுப் படலையில் நின்றது.

"பிள்ளை, திறப்பைத் தாரும்."

"அழிக்கச் சொன்னியள், அழிச்சாச்சு. கையெழுத்தும் வைச்சியள், சேர்."

"அக்கா, வேறை வழியே இல்லையோ?" என்றான் ஜெயசுதன்.

"இருக்கு. சேவரை வாடகைக்குத் தாற கம்பனியிலை கணக்கு சேரின்ரை பேரிலைதான் கிடக்கு. அதுக்குள்ளாலை ஒவ்வொண்டாய் எழுப்பிப் புதுத் திறப்புப் பதியலாம். ஒரு பின்னேரம் காணும். ஆனால் உது தட்டச்சு இல்லையே."

கலாநிதி கம்பனிக் கடிதத்தாளும் முத்திரையும் இல்லாமல் வெளிக்கிடுகிறவர் அல்ல. கார் பொனெற்றில் வைத்துப் புதுச் சேவைக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

"பதினொரு சேவரின் நிர்வாகி எண்டு போடுங்கோ. மேற்பார்வை எண்ட சொல்லை எடுங்கோ."

வெட்டினார்.

"வெட்டுக்கொத்தோடை வங்கிக்குக் குடுக்கேலாது. புதுத்தாள்."

மூன்றாவது தாளில்தான் சரிவந்தது. 'இவ்வேலை எமது நிறுவனத்தில் இவரைத் தவிர, நான் உட்பட, எவருக்கும் தெரியாது' என்ற வரியை அவள் சொல்லச் சொல்ல எழுதி, முத்திரையும் குத்தினார்.

"இனி வாசியுங்கோ. தம்பி, மெல்பேர்ன்காரரைப் போனிலை எடும்."

கலாநிதி வாசித்தார். 'நான் உட்பட' என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

"கேக்கேல்லை, டொக்டர்," என்றது போன்.

தர்சினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கலாநிதி தொண்டையைச் செருமி, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.