முதலாளி இளைத்த கதை

இராசமாணிக்கம் முதலாளி இளைக்கப் போகிறார் என்ற செய்தி ஊருக்கெல்லாம் வேடிக்கையாக வந்தது; என் கடைக்கு மட்டும் இழவுச் செய்தியாக வந்தது. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர் அவர். மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஒரு நாள் தாமே ஏறி நின்றிருக்கிறார். இரண்டு அந்தருக்கு மேலே பதினான்கு றாத்தல். அதாவது இரண்டு மூட்டை மிளகும், தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளினால் வருகிறதும். அன்றிலிருந்து சாயங்காலத் தீனி கிடையாது என்று சபதம் செய்துவிட்டாராம்.

சாயங்காலத் தீனி என்றால் அது என் கடைத் தீனி. நான் மக்கீன். கடைத்தெருவை விட்டு மேட்டு வீடுகளுக்கு ஏறுகிற பாதையில், ஏற்றத்தின் சரிபாதியில் இருக்கிறது என் தேத்தண்ணிக் கடை. முதலாளியின் வீடு ஏற்றத்தின் உச்சியில். பன்னிரண்டு வருஷமாக மாலை ஐந்தரை மணிக்கு அவர் ஏறிவரும் ரிக்ஷா என் வாசல் ஈரப்பலா மரத்தடியில் நிற்கும். நாலு பருப்பு வடை, இரண்டு வாழைப்பழப் பணியாரம், ஒரு துண்டுத் தொதல், டின்பால் ஊற்றிய தேத்தண்ணி. அவசரப்படாமல் சாப்பிடுவார். வண்டி இழுக்கும் சங்கிலி என்பவன் மரத்து வேரில் உட்கார்ந்து தன் தேத்தண்ணியைக் குடிப்பான். என் மனைவி ஸுபைதா முதல் ஈடு வடையில் நாலை முதலாளிக்கென்று எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பாள்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை என் கடைப்பக்கம் திரும்பாமலே போனார். செவ்வாயும் போனார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பன்னிரண்டு வருஷம் தின்ற வாய்க்கு, வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று பொருமினேன். இளைக்கிறதாவது, பஸ் நிலையத்துப் பக்கம் புதிதாகத் திறந்த கடையில் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். கடைக்கு வந்தவர்களிடம் அவரை வைத்துச் சிரித்தேன். யானை படுத்தாலும் குதிரை மட்டம், இவர் இளைத்தாலும் ஒன்றேமுக்கால் அந்தர் என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஸுபைதாதான் வேறொன்றைக் கவனித்தாள். இரண்டாம் வாரம் ஒரு நாள், கரண்டியை எண்ணெய்ச் சட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மொதலாளியப் பாத்துப் பாத்துக் கோவப்படுறீங்களே, சங்கிலியப் பாத்தீங்களா? நம்ம கடையத் தாண்டுறப்போ அவன்ட மூச்சு இங்க அடுப்படிக்குக் கேக்குது."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடை தேங்குகிற கவலை எனக்கு.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை. மழை பெய்து ஓய்ந்து பாதை வழுக்கிக்கொண்டிருந்தது. கடைக்குள் இரண்டு ரிக்ஷாக்காரர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் ரிக்ஷாக்கள் எல்லாம் பலீல் நானாவுடையவை. தெம்பு உள்ளவனுக்கு வண்டி, இல்லாதவனுக்கு இல்லை. அவர் கெட்டவரில்லை, கணக்கு அவ்வளவுதான். ஒருவனுக்கு மூச்சு விட்டுப்போயிற்று என்று ரிக்ஷா நிலையத்தில் ஒரு பேச்சு அடிபட்டால் போதும், மறுநாள் அவன் வண்டியை இன்னொருவன் இழுப்பான். இளவட்டங்கள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

சங்கிலி என் கடையைத் தாண்டி நாலு பாகத் தூரம் போயிருப்பான். சக்கரம் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. ஏர்க்காலை விடாமல் பிடித்தபடி அவன் ஒரு முழங்காலில் விழுந்தான். நான் விறகுக் கட்டையோடு ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடை கொடுத்தேன். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. உள்ளே இருந்த இரண்டு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அவர்களைப் பார்த்ததும் முதலாளி வண்டியிலிருந்து இறங்கி, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"மக்கீன் நானா, வடை வாசம் ஆள விடல. நான்தான் நிப்பாட்டுடான்னு வண்டிக்குள்ள எந்திரிச்சு நின்னுட்டேன். வண்டி ஆடி இவன் வுழுந்துட்டான், பாவம்."

அந்த இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லையா என்று கேட்டார்கள். முதலாளி அசடு வழியச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து, அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஆறு வடை தின்றார். ஆறாவது வடை அவருக்கு இறங்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றி இறக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நின்றதை நான் பார்க்கவில்லை. சக்கரம் நின்றதைத்தான் பார்த்தேன்.

சிரித்தவர்கள் போனபிறகு கேட்டேன். முதலாளி குனிந்துகொண்டே சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால், மழைக்கு வண்டியின் மூடியைப் போட்டுக்கொண்டு வரும்போது, சங்கிலியின் மூச்சு மூடிக்குள் அப்படியே கேட்டதாம். கேட்டால் சளி என்றானாம். தராசில் ஏறியது அதற்கு மறுநாள். நாற்பது றாத்தல் குறைந்தால் அவனுக்கு ஏற்றத்தில் ஒரு சிறு மூட்டை குறைந்த மாதிரி என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதற்காக வாயைக் கட்டினார். என் கடையைத் திரும்பிப் பார்த்தால் சபதம் போய்விடும் என்றுதான் பாராமல் போனாராம்.

வாசலில் நின்ற சங்கிலிக்கு அதற்குள் பேச்சு வந்திருந்தது. அவன் இதையெல்லாம் அப்போதுதான் கேட்கிறான். தன் மேல் ஏதோ மனஸ்தாபம், அதனால்தான் முதலாளி நிற்காமல் வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தானாம். சொல்லலாமா கூடாதா என்று தலைத்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்.

"நீங்க திங்கிற நேரந்தாங்க ஐயா நான் எளப்பாறுற நேரம். மேப்பாதி ஏத்தம் அந்த மூச்சுலதான் போறது."

முதலாளி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசமா எனக்காகத் திங்கிறேன்னு நெனச்சிட்டு இருந்தேன் நானா," என்றார்.

தமிழில் மெலிகிறதும் இளைப்புத்தான், மூச்சு முட்டுகிறதும் இளைப்புத்தான். முதலாளி முதலாவதற்கு ஆசைப்பட்டு அவனுக்கு இரண்டாவதைக் கொண்டுவந்துவிட்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். நானோ நல்லெண்ணமும் இல்லாமல் மூன்று வாரம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

ஏற்றத்தை நடந்தே ஏறிவிட்டால் என்ன என்று கேட்டேன். நான் நடந்தால் நாளைக்கே நிலையத்தில் சங்கிலியின் கதை முடிந்தது என்பார்கள் என்றார். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாமே என்றேன். தேத்தண்ணிக் கடையில் தின்னாமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிற வியாபாரியைப் பார்த்தால் ஏன் எதற்கு என்று ஊர் துருவாதா என்றார். அப்படியானால் பழையபடி தின்னுங்கள் என்றேன். அவர் தன் வயிற்றைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். நின்று தின்றால் பாரம் ஏறும். நிற்காமல் போனால் மூச்சு போகும். மூன்று ஆண்பிள்ளைகள் வழி தெரியாமல் விழித்தோம்.

ஸுபைதா திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டை நீட்டினாள். அதில் கட்டைவிரல் அளவு கித்துள் மரத்துக் கருப்பட்டி. பக்கத்தில் இஞ்சி தட்டிப்போட்ட வெறும் தேத்தண்ணி.

"வயித்துக்குத்தான் கொறைக்கணும், வாய்க்குக் கொறைக்கத் தேவல்ல," என்றாள். "மெல்லமாக் கடிச்சா இது கால்மணி நேரத்துக்குக் காணும்."

மறுநாளிலிருந்து ரிக்ஷா திரும்பவும் ஈரப்பலா மரத்தடியில் நின்றது. கருப்பட்டியை நகத்தளவு கடிப்பார். அது கரைகிற வரைக்கும் தேத்தண்ணியை உறிஞ்சுவார். சில நாள் ஸுபைதா ஒரு பிடி அவித்த கடலையில் தேங்காய்ச் சொட்டைப் போட்டு வைப்பாள். அவர் ஒவ்வொரு கடலையாகத் தோலுரித்துத் தின்பார். நாவுலையிலிருந்து காய்கறி வண்டி வந்த நாளில் உப்பும் மிளகாயும் தடவிய வெள்ளரிப் பிஞ்சு. பலாக்கொட்டை சுட்டால் மூன்றே மூன்று. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒரு வடை. அதை அவர் பதினாறாகப் பிய்ப்பார், நான் எண்ணியிருக்கிறேன். ஆறு வடையில் காணாத ருசியை இந்த ஒன்றில் கண்டேன் என்று ஒருநாள் சொன்னார். முகத்தைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை.

ஆனால் தின்னும்போது அவர் தட்டைப் பார்க்கமாட்டார். வேரில் உட்கார்ந்திருக்கும் சங்கிலியின் முதுகைப் பார்ப்பார். அந்த முதுகு மேலும் கீழும் போய்வருகிற வேகம் அடங்கிய பிறகுதான் கடைசித் துண்டு வாய்க்குள் போகும்.

ஊர் சும்மா இருக்குமா? இளைக்கப் போகிறேன் என்ற மனிதருக்கு ஒரு நாளாவது மக்கீன் கடையைத் தாண்ட முடிகிறதா பாருங்கள் என்று பேசினார்கள். அவருடைய வீட்டம்மா பரிமளம், என் புருஷனுக்கு இனி ஒன்றும் கொடுக்கவேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். நான் கொடுத்துக்கொண்டே இருந்ததால், கோயிலுக்குப் போகும்போது என் கடைப்பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுக்கும். என் வீட்டில்கூடச் சொல்லாதீர்கள், சொன்னால் கசியும், சங்கிலி பிழைப்புப் போய்விடும் என்று முதலாளி கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். அவர் தீனிக்கு வாயைக் கட்டினார். நான் பேச்சுக்குக் கட்டினேன். என் சுபாவத்துக்கு எது கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

தைப்பொங்கல் கழிந்து அவர் மறுபடி தராசில் ஏறினார். முப்பத்தாறு றாத்தல் குறைந்திருந்தது. ஊரில் யாரும் நம்பவில்லை, தராசு பழுது என்றார்கள். சங்கிலி மட்டும், "ஐயா, இப்பல்லாம் ஏத்தமே கொறஞ்சாப்புல இருக்குங்க," என்றான்.

ஆனாலும் நெஞ்சுச் சளி ஏற்றத்தோடு போகிற சங்கதியா? மாசி மாதம் ஒரு நாள், காலையிலிருந்து பனித்தூறல். அன்றைக்குப் பார்த்துப் பலீல் நானாவே என் கடைக்குள் உட்கார்ந்திருந்தார். ரிக்ஷா வந்து நின்றது. சங்கிலி வழக்கம்போல வேரில் உட்கார்ந்தான். முதலாளிக்கு அன்று கருப்பட்டி. வழக்கம்போல நகத்தளவு கடித்துக்கொண்டு முதுகைப் பார்த்தபடி இருந்தார். கருப்பட்டி முடிகிற நேரமாயிற்று; முதுகு அடங்கவில்லை. பலீல் நானா இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைத்தார்.

இன்னொரு துண்டு கொடுக்கலாம் என்று நான் பக்கத்தில் போனேன். தட்டு காலி. கோப்பை காலி. ஆனால் முதலாளியின் தாடை அசைந்துகொண்டிருந்தது. மெல்ல மெல்ல, ருசித்து, கண்ணை லேசாக மூடி மென்றுகொண்டிருந்தார். வாயில் ஒன்றும் இல்லை. கையில் இருந்த துண்டை நான் என் சாரத்து மடியில் மறைத்துக்கொண்டேன். அல்லாஹ்வே, இந்த மனிதரையா நான் யானை என்று சிரித்தேன் என்று நினைத்தேன்.

பலீல் நானா பொறுமை இழந்து சிரித்தார். எழுந்து வாசலில் நின்று, எனக்கும் முதலாளிக்கும் சங்கிலிக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"இவர் தின்னு முடிக்கிறதுக்குள்ள இஷாத் தொழுகைக்கு பாங்கு சொல்லிருவாங்க போல. இந்த ஒடம்ப நாள் தவறாம இந்த ஏத்தத்துல ஏத்துறான் பாரு சங்கிலி, அவன் மனுசன். அவன் கேக்குற வரைக்கும் அந்த வண்டி அவனுக்குத்தான்."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். முதலாளி மென்றுகொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் சங்கிலியின் முதுகு அடங்கியது. அவன் எழுந்து முகத்தைத் துடைத்தான். வந்து ஏர்க்காலுக்குள் நின்றான்.

"போலாங்களா ஐயா?"

முதலாளி இல்லாததை விழுங்கிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"போலாம்டா," என்றார். என்னைப் பார்த்து, "வயிறு நெறஞ்சிருச்சு நானா," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.