கரைமேல் விரித்த பாவு

கதிர் எழ ஒரு நாழிகை இருந்தது. மழை ஓய்ந்த கார்த்திகை வைகறையில், கச்சியின் கோபுரங்கள் பனியில் பாதி கரைந்து நிற்க, ஆண்டெல்லாம் மணலாய்க் கிடக்கும் வேகவதி, உறக்கத்தில் புரளும் யானைபோல் மெல்லப் புரண்டு சென்றது. வடகரை சென்ற கோடையில் ஆளுயரம் எழுப்பப்பட்டது. தென்கரை பழைய தாழ்விலேயே கிடந்தது. வடக்கே ஏற இயலாத நீர் தெற்கே ஏறியது.

வீடுதோறும் பேசி வடகரையை எழுப்பச் செய்தவர் நெசவாளர் சிவபாலன். தென்கரைச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை ஏலவார்குழலி, தறிக்குழி நிரம்பி வீடு மூழ்கவே, இன்னும் தறியேறாத கூறைப் புடவையின் நீளவாட்டு இழைகளான பாவு ஒன்றை மட்டும் தலையில் ஏந்திப் பாலம் கடந்து வந்திருந்தாள். தை பிறந்தால் எவளோ ஒருத்தி உடுத்த வேண்டிய பட்டு அது. சேறு போக அலசியாயிற்று. இழைகள் ஒட்டுமுன் நீள விரித்து உலர்த்தவேண்டும். தெருவெங்கும் சேறு. உலர்ந்த நெடிய இடம் கரையின் முதுகு ஒன்றே.

விரித்தார்கள். கிழக்கு வெளுக்க வெளுக்க, அரக்குநிற இழைகள் நீருக்கும் வானுக்கும் நடுவே இன்னோர் ஆறுபோல் நடுங்கி ஒளிர்ந்தன. பனி விலகியது. தென்கரையில் கூரைகள் மட்டும் மிதப்பனபோல் தெரிந்தன. அவள் இழை பிரித்தாள், அப்பக்கம் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். ஒரு கரை உயர மறுகரை மூழ்கும் என்று அதுவரை அவர் எண்ணியதில்லை.

அண்டைவீட்டுக் கந்தன் கழியை ஊன்றிச் சிரித்தான். "பாவு காய வெக்கறதுக்குன்னே கட்டின மாதிரி இருக்குதுபா! சாயந்திரம் ஊர்க் கூட்டத்துல கரைய இன்னும் ரெண்டு மொழம் ஒசத்தச் சொல்லிடலாம். நீதான மொதல்ல பேசப் போற, சிவபாலா?"

சிவபாலன் குனிந்து, ஒட்டிய இழையொன்றைப் பிரித்தார். கந்தன் மறுமுனைக்குப் போனபின், தங்கையிடம் தாழ்ந்த குரலில், "நீ இங்கியே வந்து இருந்துடும்மா" என்றார்.

"நான் வந்துடுவேன். எங்க தெரு சனமெல்லாம் எங்க போவும்?"

வெயில் ஏறிற்று. பட்டு உலர்ந்து பஞ்சுபோல் எடையிழந்தது. இரு முனையிலிருந்தும் அதனைச் சுருட்டிவந்த அண்ணன் தங்கையின் கைகள் நடுவில் சந்தித்தன. ஆறு, எவர்மீதும் சினமின்றி, இடம் கிடைத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"கூட்டத்துல என்னா சொல்லப் போற, அண்ணா?"