வாசலைவிடப் பெரிய கிரகம்

கிரகம் வாசலில் சிக்கிக்கொண்டு நின்றது. சக்கரம் வைத்த இரும்புத் தாங்கியில் ஏற்றியிருந்த அந்த ராட்சத உருண்டையைக் கொழுந்தன் இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தான், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் கதவு நிலை இடித்தது.

“அருங்காட்சியகத்துக் கதவ அளந்தாரு, லாரிய அளந்தாரு. சொந்த வாசல மட்டும் அளக்கல பாருங்க அண்ணி, எங்கண்ணன்!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கணவன் இறந்த பிறகு வந்த முதல் சிரிப்பு. பாதியிலேயே நின்றுவிட்டது. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவள் அவள்தான். சொந்த வாசலை அளக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் வாயுக் கோள் அது. வியாழனைவிடப் பெரியது. யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. நட்சத்திரத்துக்கு முன்னால் அது கடக்கும்போது ஒளி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அருங்காட்சியகத்திலிருந்து அதன் மாதிரியைச் செய்யச் சொல்லி வேலை வந்தபோது, “யாரும் பாக்கலைன்னா நாம வைக்கிறதுதான் நெறம்” என்று கணவன் குதூகலமாகிவிட்டான். அவன் தூரிகையை அசையாமல் பிடிப்பான். அவள் உருண்டையைச் சுற்றுவாள். “சுத்து, நிக்காத” என்பான். நின்றால் அந்த இடத்தில் சாயம் தேங்கிவிடும். அப்படித்தான் காவியும் சாம்பலும் பட்டை பட்டையாக ஏறின. நடுப்பட்டையில் ஓர் இடத்தில் கோடு நெளிந்திருந்தது. அவன் அடித்த ஏதோ அசட்டு ஜோக்குக்கு அவள் குலுங்கிச் சிரித்த இடம். துடைக்கப் போனவளின் கையைப் பிடித்து, “இருக்கட்டும், புயல்னு சொல்லிக்கலாம்” என்றான். உச்சிக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

“நடுவுல ரெண்டா அறுத்துடலாம் அண்ணி. அங்க போய் ஒட்டி, மேல சாயம் பூசிட்டா ஒண்ணும் தெரியாது. அருங்காட்சியகத்து மேடமும் போன்ல அதத்தான் சொல்றாங்க. இன்னைக்குள்ள வரலன்னா வெறும் படத்த மாட்டிடுவாங்களாம்.”

ரம்பம் கொழுந்தன் கையிலேயே இருந்தது. நடுவில் என்றால் அந்த நெளிவின் வழியாகத்தான் போகும். அவள் ரம்பத்தை வாங்கி மேசைக்கடியில் வைத்தாள்.

“கொத்தனாரக் கூட்டிட்டு வா தம்பி. சுவர எடுக்கணும்.”

“அண்ணி, வீடு!”

“வீட்டத் திருப்பிக் கட்டிக்கலாம்.”

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பாரமெல்லாம் இரும்பு விட்டத்தில்தான், தாராளமாக இடிக்கலாம் என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, “என்னம்மா இது?” என்றார். கிரகம் என்று சொன்னாள்.

“நல்ல கிரகமா, கெட்ட கிரகமா?”

“பெரிய கிரகம்ண்ணே. அதான் தொந்தரவு.”

உருண்டைக்குப் போர்வை போர்த்திவிட்டு, முதல் அடியை அவளே அடித்தாள். மதியத்துக்குள் நிலையும் போயிற்று, பக்கத்துச் சுவரும் போயிற்று. தெருவுக்கு வந்து போர்வையை உருவியபோது, குழல்விளக்கை மட்டுமே பார்த்திருந்த கிரகத்தின் மேல் வெயில் விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. லாரிக்காரர் ஹாரனை அடித்தார்.

“கொஞ்சம் இருங்க” என்றாள்.

கடைசிப் பட்டைக்கு என்ன நிறம் என்று கணவன் சொல்லிவிட்டுப் போகவில்லை. இடிந்து கிடந்த செங்கற்களைச் சற்று நேரம் பார்த்தாள். அந்தச் சிவப்பு வரும்வரை கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்தாள். தூரிகையைத் தோய்த்து, ஏணியில் ஏறி, முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டாள்.

“சுத்து தம்பி. நிக்காத.”

உருண்டை மெல்ல அசைந்தது. நடுப்பட்டையில் நெளிந்த புயல் நகர்ந்து மறுபக்கம் போய் மறைந்தது. வெள்ளையின் மேல் ஈரச் சிவப்பு ஒரு விரல் அகலத்துக்குப் படர்ந்து, தொடங்கிய இடத்தைத் தேடி நகர்ந்துகொண்டிருந்தது.