கதவைத் தட்டும் பழக்கம்

"முதல்லேருந்து படிங்க அண்ணே. மெதுவா," என்றார் வெளிநாட்டு இன்ஜினியர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவருடைய இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கன்னத்திலும் கழுத்திலும் மருந்துத் துணி. தொழிற்சாலையில் கொதிக்கும் நீராவி முகத்தில் அடித்து இன்றோடு ஒன்பது நாள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றி டாக்டர்கள் வாயே திறக்கவில்லை. கதவருகே நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆறுதல் சொல்ல வந்தவன் என்று நினைத்திருப்பாள். என் மடியில் இருந்த அவருடைய நோட்டைத் திறந்தேன். எல்லாம் நம் எழுத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் குண்டு குண்டாக இருந்தது.

எங்கள் ரப்பர் குழாய் கம்பெனியும் அவர் நாட்டு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து நடத்தும் தொழிற்சாலை எங்களுடையது. அவரவருக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஒப்பந்தம். அதற்காகத்தான் எட்டு மாதம் முன்பு வந்தார். வந்ததுமே நம் பேச்சைக் கற்றுக்கொண்டு மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரையும் அண்ணே என்றார். டைப் அடிக்கும் அம்மாவையும் அப்படிக் கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் பானை மேஸ்திரி. குழாய்களை ஆவியில் வேகவைக்கிற, ஆள் நுழையும் அளவு இரும்பு உருளைக்கு நாங்கள் வைத்த பெயர் பானை. ஆவியை வெளியே விட்டு, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் கதவைத் திறக்கலாம். ஆனால் அந்த மீட்டர் இருப்பது ஆவி வெளியேறும் குழாயில். குழாயின் வாயில் ரப்பர் துணுக்கு அடைத்தால் முள் பூஜ்யம் காட்டும், உள்ளே ஆவி அப்படியே நிற்கும். அதனால் ஸ்பேனரால் கதவில் மூன்று தட்டு தட்டுவேன். கணீரென்றால் திறப்பேன், மொத்தென்றால் கிட்டேயே போகமாட்டேன். யாரும் சொல்லித்தந்ததில்லை, இருபத்து மூன்று வருஷத்தில் என் காதே கற்றுக்கொண்டது.

சொல்லித்தரும் கூட்டத்துக்கு முன்னால் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் கொட்டிடாதீங்க மேஸ்திரி. ஒண்ணாவது கையில இருக்கட்டும். கத்துக்கிட்டாங்கன்னா நம்மள கறிவேப்பிலையாத் தூக்கிப் போட்ருவாங்க."

எனக்கும் ஐம்பத்திரண்டு வயது. வேறு யார் வேலை தருவார்கள்? பதினொரு படிகள் சொன்னேன். தட்டுவதைச் சொல்லவில்லை. பதினொன்றையும் அச்சடித்து பானைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். நான் தட்டும்போது அவர் கேட்கத்தான் செய்தார், "இது எதுக்கு அண்ணே?"

"சும்மா, பழக்கம்."

நான்தானே எப்போதும் தட்டப்போகிறேன் என்ற நினைப்பு.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ரப்பர் கலவையை ஆறவைக்கும் சூட்சுமம் ஒன்றைத் தாளில் எழுதி என் சட்டைப்பையில் திணித்தார். "இத வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்காளுங்க சொன்னாங்க. நீங்க வெச்சுக்குங்க." கூசிப்போனேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அப்புறம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். ஆள் இல்லையென்று, முள் பூஜ்யம் காட்டியதை நம்பி அவரே பானைக் கதவைத் திறந்திருக்கிறார்.

விசாரணையில் எல்லாம் எழுதியபடியே நடந்திருக்கிறது, யார்மேலும் குற்றமில்லை என்றார்கள். "வாயத் தொறந்தீங்க, வேலையும் போகும், கேஸும் வரும்," என்று மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை உதறக்கூட எனக்குத் துப்பில்லை.

"நீங்க சொன்னதுல எதையோ எழுதாம விட்டுட்டேன் அண்ணே," என்றார் இன்ஜினியர். "திங்கக்கிழம எனக்குப் பதிலா வேற ஆள் வர்றார். அவருக்கு நடக்கக் கூடாது. எங்க தப்பு பண்ணேன்னு பார்த்துச் சொல்லுங்க."

படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் சொற்களை ஒன்றுகூட விடாமல் எழுதியிருந்தார். பதினொன்றை முடித்தபோது கீழே பென்சிலால் இன்னொரு வரி இருந்தது: 'அண்ணே கதவைத் தட்டுவார். சும்மா, பழக்கம். எழுதத் தேவையில்லை.'

எழுத்துகள் கலங்கின. கண்ணைத் துடைத்தாலும் கலங்கின.

"ஏன் நிறுத்திட்டீங்க? அடுத்தது என்ன அண்ணே?"

கட்டிலின் இரும்புக் கம்பிக்கு மேலே என் விரல் மடங்கி நின்றது. கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, அவர் காது கொடுத்துக் காத்திருந்தார்.